உம் கொட்டியதற்கான கட்டணம்

ஐந்து ரோட்டுக் கிளையில் டோக்கன் அறுபத்திரண்டு.
சில்லென்று ஏசி. நாகலூரின் மார்கழியைச்
சேலத்துக்காரர்கள் சித்திரையில்
காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.

டை கட்டிய பையன், பெயர் லோகபிரதாப்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:
"பன்னிரண்டு மாசத்துக்குப் புதுப்பிச்சிருக்கீங்க சார்.
ஜனவரி ஒன்பது, பகல் பதினொன்று நாற்பது."

இந்த வருஷம் நான் புதுப்பித்தது இரண்டுதான்.
மிளகுக் களத்துத் தார்ப்பாய்,
மூக்குக்கண்ணாடியின் இடது காது.
கல்யாணம்கூடப் புதுப்பிக்காமலே ஓடுகிறது
முப்பத்தோரு வருஷமாக.

மாசம் ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு ரூபாய்.
குடும்பத் திட்டமாம், நாலு இணைப்பாம்.
வீட்டில் இருப்பதோ நானும் செசிலியாளும்
போனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரு பூனையும்.

"நான் ஒத்துக்கொண்ட கையெழுத்தைக் காட்டு தம்பி."
"குரல் சார். பதிவாகியிருக்கு."

அவன் மேலே கேட்டு,
மேலே இருந்தவர் அதற்கும் மேலே கேட்டு,
சோற்று நேரம் தாண்டி
ஸ்பீக்கரில் போட்டார்கள்.

ஒரு பெண்,
தகரக் கூரையில் மழை மாதிரி நிறுத்தாமல் பேசுகிறாள்.
நடுநடுவே ஒருவன்:

ம்.
ம்ம்.
ம், சொல்லுங்க, விட்டு விட்டுக் கேக்குது.
ம்.

நான்தான். மறுக்கவில்லை.
"நாலு எடத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க சார்."

தம்பி, உனக்கு யாரும் கதை சொன்னதே இல்லையா?
உம் கொட்டினால்தான் கதை நகரும்.
ராஜா மகன் காட்டில் தொலைந்தான் என்றால் ம் என்போம்.
தொலையட்டும் என்று சம்மதித்ததாகவா அர்த்தம்?
பங்காளி வீட்டுச் சாவுச் செய்திக்கும் ம்தான்.
சர்க்கரை முந்நூறு என்று டாக்டர் சொன்னபோதும் ம்தான்.
வாயை மூடிக்கொண்டு சொல்கிற எழுத்தப்பா அது.
வாயே திறக்காதவனிடம்
வாக்கு வாங்கினேன் என்கிறாய்.

பின்வரிசையில் ஓர் அம்மாள் சிரித்தாள்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன்.
இந்தத் தடவை என்னை விட்டுவிட்டு
எனக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டேன்.
சில்வர் ஓக்கில் காற்று.
மூங்கில் ஏணி கிறீச்சென்கிறது.
தூரத்தில் பொன்னுருவி, முழுத் தொண்டையில்:
"வேணாம்! வேணாம்! வேணாங்கறேன்ல, எறங்கு!"

முத்துலிங்கம் நுனிக்கொடி மிளகுக்கு ஆசைப்பட்டு
ஏணியோடு சாய்ந்த நாள். இப்போது ஞாபகம் வருகிறது.
போனைக் காதில் வைத்தபடி ஓடினேன்.
அந்த நாலாவது ம் ஓடிக்கொண்டே சொன்னது.

"இதையும் எழுதிக்கொள். என் போனில் மூன்று வேணாம்.
என் ம்மைவிடச் சத்தமாக."
"அவங்க வாடிக்கையாளர் இல்லையே சார்."
"இல்லைதான். ஆனால் பதினொன்று நாற்பதுக்கு
எங்கள் தோட்டத்தில் புத்தியோடு பேசியது
அவள் ஒருத்திதான்."

புகார் எண் கொடுத்தான், பதினோரு இலக்கம்.
ஏழிலிருந்து பத்து வேலை நாளாம்.
"மூணு மாசப் பணமும் திரும்பி வரணும்.
வரலைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்.
சரிதானே?"

"ம்" என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே கேட்டது.
மணி இரண்டு இருபத்தாறு.
பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அடிவாரம் தாண்டி எட்டாவது வளைவில்
செசிலியாள் கூப்பிட்டாள்.
பால் பொங்கி அடுப்பு அணைந்தது,
தங்கச்சி வீட்டுப் பத்திரத் தகராறு,
நாம்தான் ஜாமீன் நிற்க வேண்டுமாம்,
"லைன்ல இருக்கீங்களா, இல்லையா?"

தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.
"கேட்டுக்கொண்டிருக்கிறேன் செசிலியா.
ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை."

அவள் என்ன சொன்னாளோ.
பதினோராம் வளைவில் சிக்னல் போய்விட்டது,
ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு ரூபாய்க்கு.